ஆறு எண்கள்

இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானதும் வண்டியை அணைத்தேன். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து விநாடி தாண்டியும் இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரி பழசு என்றார் விற்பவர். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, ஸ்டார்ட்டர் சுற்றும் வேகமே அதைச் சொன்னது. நன்றி சொல்லிவிட்டு லெஸ்டருக்கு ரயிலேறினேன். இங்கிலாந்தில் நான் பார்க்கப்போன மூன்றாவது மஸ்தா ஆர்எக்ஸ்-8 அது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களிடம், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பார் என்பார்கள். ஆர்எக்ஸ்-8-ல் இருக்கும் ரோட்டரி இன்ஜினுக்கு அது மட்டும் போதாது. தேய்ந்த ரோட்டரி காலையில் சமர்த்தாகக் கிளம்பிவிடும். சூட்டில்தான் குட்டு வெளிப்படும்.

ஏன் என்பது அப்பாவுக்கு விளக்கும்போதுதான் எனக்கே தெளிவானது. பொள்ளாச்சியில் நாற்பது வருடம் ஆயில் இன்ஜின் பழுது பார்த்தவர் அவர். போனில், "பிஸ்டனே இல்லையா அம்மிணி? அப்புறம் எதை வெச்சு அமுக்குது?" என்றார்.

"ஆட்டுக்கல்லை நினைச்சுக்குங்கப்பா" என்றேன்.

குழவி நின்ற இடத்திலேயே சுற்றுவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, குழியின் சுவரை உரசிக்கொண்டே வளைய வருகிறது. இந்தப் பக்கம் ஒட்டும்போது அந்தப் பக்கம் இடம் விரிகிறது. அங்கேதான் அம்மாவின் கை மாவைத் தள்ளிவிடும். ரோட்டரியில் குழி என்பது நிலக்கடலைத் தோடு மாதிரி இடுப்பு சிறுத்த ஒரு கூடு. குழவி என்பது பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோண இரும்பு, அதுதான் ரோட்டர். மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடி சுழல்வதால் நடுவே மூன்று அறைகள் உண்டாகின்றன. ஒவ்வோர் அறையும் சுற்றி வரும் போக்கிலேயே விரிந்து பெட்ரோலையும் காற்றையும் இழுக்கிறது, சுருங்கி அமுக்குகிறது, தீப்பொறி பட்டு எரிகிறது, புகையை வெளியே தள்ளுகிறது. மேலும் கீழும் அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வால்வும் இல்லை. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ஆர்எக்ஸ்-8-ல் 654 சிசி கணக்கில் இரண்டு ரோட்டர், மொத்தம் 1.3 லிட்டர். அந்தச் சின்ன உருவத்திலிருந்து என் வண்டிக்குக் கிடைப்பது 231 குதிரைத்திறன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த மூணு மொனைதான் பிஸ்டன் ரிங்கு" என்றார்.

அதேதான். ஒவ்வொரு முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற ஒடுக்கமான பட்டை, அதைச் சுவரோடு அழுத்த அடியில் ஒரு ஸ்பிரிங். பட்டை தேய்ந்தால் கம்ப்ரஷன் கசியும். ஆறிய இன்ஜினில் கெட்டியாக இருக்கும் ஆயில் அந்தக் கசிவை ஓரளவு அடைத்துவிடுகிறது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போனதும் கசிவு ஒளிய இடமில்லை.

இந்தப் பட்டைக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட இன்ஜின் என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-ல் முதலில் ஓடியது. 1961-ல் உரிமம் வாங்கிய ஹிரோஷிமாவின் மஸ்தாக்காரர்கள், கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களை இதற்கென்றே உட்காரவைத்தார்கள். சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து உட்சுவரில் வரிவரியாகக் கீறின. பிசாசின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர். கார்பனில் அலுமினியம் ஏற்றிச் செய்த சீல் அதைத் தீர்த்தது, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. 1991-ல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. 2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8-ஐ 2012-ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு, ரோட்டரியே நேராகச் சக்கரத்தைச் சுழற்றும் கார் எதையும் மஸ்தா விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அதனால்தான் பழைய இரும்புக்குப் போகும் ஒவ்வோர் ஆர்எக்ஸ்-8-ம் எனக்கு மனதை அறுக்கிறது. பல வண்டிகள் அங்கே போவது அவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்ல ஆளில்லாததால்.

நான்காவது வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் சோதனைச் சீட்டைக் கேட்டேன். விற்ற பெண்மணி எடுத்து நீட்டினார். சாதாரண கேஜ் இதற்கு உதவாது. ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் காட்டிவிட்டு, தேய்ந்ததை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்று உள்ள கருவி மூன்றையும் தனித்தனியாகப் பதியும். இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் எண்ணும் கூடும் என்பதால், நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்குக்குத் திருத்திப் படிக்க வேண்டும். 8 பார் தாண்டினால் இன்ஜின் இளமையாக இருக்கிறது. 6.8-க்குக் கீழே போனால் மஸ்தா கணக்கிலேயே அதன் காலம் முடிந்தது. இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஐந்து அறைகள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் தொங்கினால், அங்கே ஒரு சீல் போயிருக்கலாம்.

என் சீட்டில் முன் ரோட்டர் 7.9, 7.7, 7.8. பின் ரோட்டர் 7.6, 7.4, 7.7. பதினான்கு வயது வண்டிக்கு இது நல்ல ஜாதகம். பின்சக்கர வளைவில் கொஞ்சம் துரு இருந்தது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அதன் வேலை. அது 2005-ம் வருடத்து வண்டி. 2006 மார்ச் 23 அன்றோ அதற்குப் பிறகோ பதிவானது என்றால் புகை அளவைப் பொறுத்து ஆண்டு வரி எகிறிவிடும். 2,400 பவுண்டுக்கு முடித்தேன்.

வாங்கிய நாளிலிருந்து ஆயில்தான் முதல் கவலை. இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், குடிக்கத்தான் வேண்டும். சீல்கள் வறண்டுபோகாமல் இருக்க, கீழே இருக்கும் ஆயிலையே ஒரு பம்ப் சொட்டுச்சொட்டாக எரியும் அறைக்குள் விடுகிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு 2டி ஆயில் ஞாபகம் வரும். என்னைப்போலச் சிலர் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி கலந்துகொள்கிறோம். பிஸ்டன் கார் பழக்கத்தில் ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் இன்ஜின் வறண்டு சாகும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை குச்சியைப் பார்க்கிறேன்.

அடுத்தது இக்னிஷன் காயில்கள். மொத்தம் நான்கு. அவை தளர்ந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைக்கும். அடைத்த புகை திரும்பி இன்ஜினைச் சுடும். நூறு சொச்சம் பவுண்டு காயிலைத் தள்ளிப்போட்டதால் இன்ஜினையே இழந்தவர்கள் உண்டு. நான்கையும் சேர்த்தே மாற்றுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேன் எடுக்க வழிவிட, வண்டியைப் பத்தடி நகர்த்தி உடனே அணைத்தேன். சாயங்காலம் எவ்வளவு திருப்பியும் கிளம்பவில்லை. குளிரில் இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் வாங்கும். சூடேறுவதற்குள் அணைத்தால் அது பிளக்கை நனைத்து, சீலின் மேல் உள்ள ஆயிலையும் கழுவிவிடும். பிறகு கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தால் பெட்ரோல் வரத்து நின்றுவிடும். அப்படியே ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றினேன். நாலாவது முறை இருமி, வெள்ளைப் புகை தள்ளி, உயிர் வந்தது. என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கிளப்பினால் சூடு காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை அணைப்பதில்லை. கடைக்குப் பால் வாங்க நடந்தே போகிறேன்.

பொத்திப் பொத்தி ஓட்டுவதும் இதற்கு ஆகாது. எப்போதும் மெதுவாகவே போனால் கரி படிந்து சீல்கள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சூடேறிய பிறகு தினம் ஒரு தடவையாவது 9,000 சுற்று வரை ஏற்ற வேண்டும். ஊர் தாண்டியதும் மூன்றாவது கியரில் மிதிக்கிறேன். அதிர்வே கிடையாது, குரல் மட்டும் மேலே மேலே போகும். போதும் என்று ஒரு பீப் ஒலிக்கும்போதும் இன்ஜினுக்கு இன்னும் போக ஆசை இருப்பதுபோலத்தான் தோன்றும். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் தருகிறது. அந்தச் செலவை நான் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கம்ப்ரஷன் பார்க்கிறேன். போன வாரம் சீட்டு வந்ததும் ஆறு எண்களையும் அப்பாவுக்குப் போனில் வாசித்தேன். பழைய டைரியில் போன வருட எண்களைத் தேடிப் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "பின்னால இருக்கறதுல ரெண்டாவது ஒரு புள்ளி எறங்கியிருக்குது அம்மிணி" என்றார். "அதைக் கொஞ்சம் கவனிச்சுக்க."