பாவம் பார்த்து பெரிய நாயை தத்தெடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்... இதைப் படிங்க!

சென்னை:

"ஐயோ பாவமேன்னு கூட்டிட்டு வந்தேன். இப்ப சமாளிக்க முடியல... நீங்களே வெச்சுக்கோங்க!"

நாய் காப்பகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒருமுறை தெருவில் விடப்பட்டு, காப்பகம் வந்து, புது வீடு கிடைத்த நாய் மீண்டும் அனாதையாகிறது.

இப்படி திரும்பி வருவதில் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராஜபாளையம் கலந்த பெரிய கிராஸ் நாய்களும் உண்டு. குட்டியில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். ஒன்றரை வயதுக்குள் 30 கிலோவை தொட்டுவிடும். சாப்பாட்டு செலவு ஏறும். வீட்டுக்காரர் முறைப்பார். கடைசியில் நாய் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

செலவு எவ்வளவு?

30 கிலோ நாய்க்கு சோறும் கோழிக்கறியும் சேர்த்து தினமும் சுமார் 1 கிலோ வேண்டும். அதை காலை, மாலை என பிரித்து வைக்க வேண்டும். மொத்தமாக கொட்டக்கூடாது. சாப்பிட்டவுடன் ஓட விட்டால், பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

மருந்தும் எடைக்கு ஏற்றபடிதான். பூச்சி மாத்திரை பொதுவாக 10 கிலோவுக்கு ஒன்று. அப்படியானால் இதற்கு மூன்று! தனியார் டாக்டருக்கு வசதி இல்லாதவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போகலாம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

முதல் 3 மாதம்

காப்பகங்களில் '3-3-3' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் 3 நாள் நாய் மிரண்டு போய் மூலையில் கிடக்கும். சாப்பிடக்கூட செய்யாது. 3 வாரத்தில் வீட்டு பழக்கம் பிடிபடும். 'இதுதான் நம்ம வீடு' என்று நம்புவதற்கு 3 மாதம் ஆகும்.

பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். "ரெண்டு நாளா உர்ருன்னு உறுமுது" என்று பயந்து முதல் வாரத்திலேயே திருப்பி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பயத்தில் வரும் உறுமல். அப்போது அடிக்கக்கூடாது. ஒதுங்கிவிட வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது. குறைந்தது 3 மாதம் பொறுமை வேண்டும்.

குழந்தை இருக்கும் வீடா?

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சின்னக் குழந்தையுடன் தனியாக விடாதீர்கள். விளையாட்டுக்கு தாவினாலே 30 கிலோ எடை குழந்தையை சாய்த்துவிடும். தத்தெடுக்கும் முன்பு, வீட்டில் உள்ள எல்லோரும் காப்பகத்துக்கு ரெண்டு, மூணு தடவை போய் நாயுடன் பழகிப் பார்ப்பது நல்லது.

வெறிநாய்க்கடி தடுப்பூசி ஒவ்வொரு ஆண்டும் கட்டாயம் போட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால், காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேராக அரசு ஆஸ்பத்திரிதான். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கிற வேலையே கூடாது. வெறிநோய் முற்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

வாடகை வீட்டுக்காரர்களே...

வீட்டுக்காரரிடம் முதலிலேயே வாய்விட்டு கேட்டுவிடுங்கள். ஒளித்து வைக்க இது பூனைக்குட்டி அல்ல. மாநகராட்சி லைசென்சும் எடுக்க வேண்டும். பிட்புல், ராட்வீலர் போன்ற ரகம் கலந்த நாய் என்றால், அதை வளர்க்க அனுமதி உண்டா என்று மாநகராட்சியிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

இடம் சின்னது என்று கவலை வேண்டாம். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க கூட்டிப் போனால் ஒற்றை அறை வீட்டிலும் அமைதியாக படுத்துக்கொள்ளும். நாள் முழுக்க சங்கிலியில் கட்டினால்தான் கோபக்கார நாயாக மாறும். கோடையில் தார் ரோடு சுடும் முன்பே வாக்கிங்கை முடித்துவிடுங்கள்.

நல்லதும் இருக்கு!

வளர்ந்த நாய் என்றால் எவ்வளவு பெரிதாகும், குணம் எப்படி என்பதெல்லாம் முன்பே தெரியும். குட்டி மாதிரி செருப்பை கடித்துக் குதறும் வயதும் தாண்டியிருக்கும். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு கிண்டி வேளச்சேரி சாலையில் உள்ளது. அங்கே போய் கேட்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், தடுப்பூசி விவரங்களை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்த்த நாயை தவிக்க விடுவது குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டத்தில், முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு டீ, ரெண்டு வடை காசு!

ஆனால் நாய்க்கு அது உயிர் பிரச்சினை. வீட்டுச் சோறு தின்ற நாய்க்கு குப்பைத்தொட்டியில் பொறுக்கத் தெரியாது. புதுத் தெருவுக்குள் நுழைந்தால் அங்கிருக்கும் நாய்கள் சுற்றி வளைத்து கடிக்கும். தெருமுனையிலேயே நின்று, போகிற ஒவ்வொரு வண்டியையும் 'நம்ம ஆளா?' என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

முடியாது என்று தோன்றினால் இப்போதே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். அதில் தப்பே இல்லை. கூட்டி வந்துவிட்டால், கடைசிவரை அது உங்கள் வீட்டுப் பிள்ளை!