பழைய மாத்திரைக்குப் புதிய வேலை

கெடாவின் கித்தாத் தோட்டங்களில் நம் முன்னோர் மலேரியாவுக்குக் கசப்பான கொயினா விழுங்கினார்கள். பின்னாளில் வந்த மலேரியா மருந்து மெப்பகிரின். அது லூப்பஸ் நோயாளிகளின் தோல் படைகளைத் தணித்ததை 1951-இல் லண்டன் மருத்துவர் பிரான்சிஸ் பேஜ் எழுதினார்.

காவல்காரனே வீட்டாரை அடிப்பதுபோல, எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குவது லூப்பஸ். இன்று அதற்குத் தருவது மற்றொரு மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின். அது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டாது. அதன் சீற்றத்தைத் தணிக்கும்.

நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் தருவார்கள். நாள்பட மிஞ்சினால் விழித்திரை கெடக்கூடும். ஆகவே, பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். மருத்துவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பலாம். கண் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.