“சும்மாதான் இருக்கிறேன்!”

“அம்மா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?”

“வேலை ஒன்றும் இல்லை ஐயா. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.”

கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால், நம் வீட்டுப் பெண்கள் பலரும் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள்.

சும்மாவா இருக்கிறார்கள்? விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கிறார்கள். சமைக்கிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாமனாருக்கு மருந்து கொடுக்கிறார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிறார்கள். இதற்குப் பெயர் “சும்மா”!

அரசாங்கமும் நீண்ட காலம் இப்படித்தான் எழுதி வந்தது. 2001-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்கள் “வேலை செய்யாதோர்” பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அதே பட்டியலில் இருந்த மற்றவர்கள் யார் தெரியுமா? பிச்சைக்காரர்கள், சிறைக் கைதிகள்!

2010-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது. சாலை விபத்தில் இறந்துபோன ஒரு குடும்பப் பெண்ணுக்கு எவ்வளவு நஷ்டஈடு தருவது என்ற வழக்கில்தான் இந்தப் பேச்சு வந்தது. கீழே இரண்டரை லட்சம் ரூபாய் என்று தீர்ப்பாகி இருந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை 6 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பெண்ணின் உழைப்புக்கு விலை போட, அவர் சாக வேண்டியிருந்தது.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம், சென்னை ஐகோர்ட்டில் இன்னொரு வழக்கு. கணவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். பிறகு சொத்தில் தகராறு. வீட்டை மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று ஐகோர்ட்டு கூறியது.

மாதம் ஆயிரம்

அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சீபுரத்தில், முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. மாதம் 1,000 ரூபாய். பணம் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகும். முதலில் சேர்க்கப்பட்டவர்கள் 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேர்.

“உதவித் தொகை” என்று பெயர் வைக்கவில்லை. “உரிமைத் தொகை” என்று வைத்தார்கள். உதவி என்றால் கைநீட்டி வாங்குவது. உரிமை என்றால் உழைத்தவர் கேட்டு வாங்குவது. இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஆனால் யாருக்குக் கிடைக்கும்? வயது 21 ஆகியிருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நிலத்துக்கும் மின்சாரத்துக்கும் அளவு உண்டு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான்.

இந்தக் கடைசி விதிதான் வீட்டுக்குள் சிக்கல்! ஒரே கார்டில் மாமியாரும் இருக்கிறார், மருமகளும் இருக்கிறார். யார் மனுப் போடுவது? குடும்பமே பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

“அத்தை, நீங்களே எழுதிக் கொடுங்கள்” என்று மருமகள் சொன்ன வீடும் இருக்கும். “என் பெயரில்தான் வரவேண்டும்” என்று மாமியார் பிடிவாதம் பிடித்த வீடும் இருக்கும். அடுப்படியில் நிற்பது இரண்டு பேர், தொகை ஒருவருக்கு என்றால் மனத்தாங்கல் வராதா?

இன்னொரு விதி அதைவிட மோசமாக இருந்தது. வீட்டில் யாராவது முதியோர் ஓய்வூதியம் வாங்கினால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு உரிமைத் தொகை இல்லை என்று முதலில் சொன்னார்கள். வயதானவர் இருக்கும் வீட்டில்தானே பெண்ணுக்கு வேலை அதிகம்? நல்ல வேளையாக, திட்டம் தொடங்கு முன்பே, 2023 ஆகஸ்டு மாதத்தில் இந்த விதியைத் தளர்த்தினார்கள்.

ஒரு கணக்கு

பென்சில் எடுங்கள். ஒரு கணக்குப் போடலாம்.

மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2024-ம் ஆண்டில் கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். (செய்கிற ஆண்களே குறைவு என்பது தனிக் கதை!)

289 நிமிடத்தை 30 நாளால் பெருக்கினால், மாதத்துக்குச் சுமார் 144 மணி நேரம். ஆயிரம் ரூபாயை அதற்குப் பங்கிட்டால், மணிக்கு 7 ரூபாய்கூட வராது. ஒரு டம்ளர் டீக்கும் காணாது.

அதற்காக ஆயிரம் ரூபாயை அற்பம் என்று சொல்லலாமா? கூடாது. கணவர் கையை எதிர்பாராமல் கியாஸ் சிலிண்டருக்கோ, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ பணம் எடுக்க முடிகிறதே, அதன் அருமை அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

ஆனால் பணம் வந்தாலும் 289 நிமிடம் குறையவில்லை. அதைக் குறைக்க வேறு வழி வேண்டும். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அப்படி ஒரு வழி. 1 முதல் 5-ம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல். விடிந்தும் விடியாமலும் வயல் வேலைக்கோ, மில் வேலைக்கோ போகிற தாய்க்கு ஓர் அடுப்புச் சுமை இறங்கியது.

படுக்கையில் கிடப்பவர்

எந்தக் கணக்கிலும் சரியாக விழாத வேலை ஒன்று உண்டு. நோயாளியைப் பார்த்துக்கொள்வது!

பக்கவாதத்தில் விழுந்த தந்தையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கஞ்சி ஊட்ட வேண்டும். மலம், மூத்திரம் எடுக்க வேண்டும். இதற்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கும் மகளும் மருமகளும் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்!

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் “மக்களைத் தேடி மருத்துவம்” தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. படுத்திருப்பவருக்கு உடற்பயிற்சி சொல்லித் தரவும் ஆள் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் அலைச்சல் குறைந்தது.

பக்கத்துக் கேரளத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். நோயாளியை விட்டு நகர முடியாமல் வேலைக்குப் போகாதவருக்கே பணம் கொடுக்க “ஆசுவாசகிரணம்” என்ற திட்டம் வைத்தார்கள். தொகை மாதம் 600 ரூபாய் வரை உயர்ந்தது. அங்கே பணம் நோயாளிக்கு அல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு.

மருந்து கொடுக்க வந்தவர் பத்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மிச்சம் இருக்கிற பகலும், இரவு முழுவதும், அந்தப் பெண்ணுடையது. அவரிடம் போய், “என்னம்மா வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “சும்மாதான் இருக்கிறேன்” என்பார்.