முப்பத்தைந்தில் ஒன்று – 14: பெட்டி யாருடையது, டை யாருடையது?

இந்த வாரம் விஜயந்தா டாங்கி என்று சொல்லியிருந்தேன். நிஜ டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கான 1/35 என்ற மாடல் அளவு எங்கிருந்து வந்தது, பாந்தர் டாங்கியின் வயிற்றுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்த கதை எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். விஜயந்தாவைக் கட்டிய ஆவடிக்குக் கிளம்பிய என்னை வழியில் ஒரு இரும்பு டை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு, மறித்துக்கொண்டது.

மும்பை செம்பூரில் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே டாங்கியை இரண்டு கம்பெனிப் பெட்டிகளில் வாங்கினார். பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்து எது நல்ல கிட் என்று பார்க்க ஆசை. பெட்டிப் படம் வேறு, நாடு வேறு, விலை வேறு. பிரித்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று. டையிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் பின் பதிந்த வட்டத் தழும்புகூட அதே இடத்தில். இறக்குமதி வரியோடு சேர்த்து இரண்டு முறை பணம் கொடுத்து ஒரே டையை வாங்கியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் இதற்கு ரீபாக்ஸ் என்று பெயர். ஒரு கம்பெனி வெட்டிய டையில் வார்த்த பாகங்களை இன்னொரு கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்பது. திருட்டு நகல் வேறு, இது வேறு. இதில் டையை வாங்கியிருப்பார்கள், வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அல்லது வார்த்த பாகங்களை மூட்டையாக வரவழைத்திருப்பார்கள். எல்லாம் ஒப்பந்தப்படி நடப்பது.

ஏன் இப்படி என்பதை நம் தாராவியில் பிளாஸ்டிக் மோல்டிங் போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். செலவெல்லாம் டையில்தான். தானா (பிளாஸ்டிக் குருணை) மலிவு, மிஷின் ஓட்ட ஆள் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான பாகங்களை இரும்பில் குழிவாக வெட்டி, இரண்டு பாதியும் மயிரிழை பிசகாமல் சேரும்படி செய்வதற்குள் முதலாளியின் கைப்பணம் கரைந்துவிடும். போட்ட காசை எடுக்க வேண்டுமென்றால் டை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சொந்தச் சந்தை தீர்ந்த பிறகு அலமாரியில் தூங்கும் டையால் ஒரு பைசா வராது. அதே நேரத்தில் வேறொரு ஊரில் இன்னொரு கம்பெனிக்கு அந்த வருஷப் பட்டியலில் ஒரு டாங்கி வேண்டியிருக்கும்.

மாணவர் வாங்கிய அந்த இரண்டு கிட்டுகளிலிருந்து ஒரு ஸ்ப்ரூவை, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, தாராவியில் மோல்டிங் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியும் சீப்பும் வார்ப்பவர்; டாங்கியைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. விளிம்பில் நகத்தை ஓட்டினார். “பிசிறு அடிச்சிருக்கு பாருங்க தம்பி. டை தேஞ்சு போச்சு. ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல சந்து விட்டிருக்கு” என்றார். பிறகு சட்டத்தின் ஓரத்தில் எழுத்தே இல்லாமல் புடைத்திருந்த ஒரு வழவழப்பான பட்டையைத் தொட்டார். “இந்த எடத்துல யாரு பேரோ இருந்திருக்கு. எடுத்திருக்கான்.”

எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரே விளக்கினார். பிளாஸ்டிக்கில் எழுத்து புடைத்து நிற்கிறது என்றால் இரும்பில் அது குழியாக வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டின குழியை அழிக்க முடியாது. வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்க்கலாம். இல்லையென்றால் அந்த இடத்தையே மொத்தமாக இன்னும் ஆழமாக வெட்டிவிடலாம். ஆழமாக வெட்டினால், வார்க்கும்போது பழைய பெயர் இருந்த இடத்தில் ஒரு வெறும் பட்டை எழும்பி நிற்கும். அன்றிலிருந்து எந்தக் கிட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் சட்டத்தையும் டாங்கியின் அடிவயிற்றையும்தான் திருப்பிப் பார்க்கிறேன்.

இந்தப் பெயர் மாற்றும் வேலை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி டிங்கி டாய்ஸ் என்று உலோகக் கார்களை வார்த்துவந்தது. அங்கே ஓடி முடித்த சில டைகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. டிங்கி இருந்த இடத்தில் நிக்கி. நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அவை இந்தியக் கடைகளுக்கு வந்தன. வெளிநாட்டுப் பொம்மை சுலபமாக உள்ளே வர முடியாத காலம் அது. அவற்றில் ஒரு மினி பஸ்ஸுக்கு ஸ்டாண்டர்ட் 20 என்று பெயர் வைத்தார்கள். அசல் ஸ்டாண்டர்ட் 20 வேனோ இங்கிலாந்து அட்லஸ் வண்டியை நம் சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் கட்டியது. நிஜ வண்டிக்கும் பொம்மைக்கும் ஒரே வழியில் பெயர் மாறியிருக்கிறது.

எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூலும் இந்த வரிசைதான். அமெரிக்க ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ சிப்பாய்களையும் ராணுவ வண்டிகளையும் உரிமம் பெற்று இங்கே வார்த்தார்கள். நிறங்களை மாற்றினார்கள், பாகங்களைக் கலந்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அந்த இந்தியச் சிப்பாய்களைத் தேடி வாங்குகிறார்கள். எண்பது, தொண்ணூறுகளில் மாட்டுங்காவில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டுப் பரணில் தேடிப் பார்க்கலாம்.

மற்ற நாட்டு டைகளின் பயணத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் எஸ்கி வெட்டிய 1/72 டாங்கிகள் அமெரிக்காவின் எர்ட்ல் கைக்குப் போய், கடைசியில் இத்தாலிக்கே திரும்பி இட்டலேரி பெட்டிக்குள் அடங்கின. மாட்ச்பாக்ஸின் 1/76 கிட்டுகள் இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில், கூடவே குட்டித் தரைக்காட்சியோடு வந்தவை. அந்த டைகள் பிறகு ரெவெல் பெட்டிகளில் ஓடின. 1961 முதல் தானே டாங்கி வெட்டிவந்த ஏர்ஃபிக்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் 1/35-இல் இறங்கியபோது கொரியாவின் அகாடமி டைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டது. அந்த ஏர்ஃபிக்ஸை 2006-இல் ஹார்ன்பி வாங்கிய பிறகு, பல வருஷம் அதன் கிட்டுகள் இந்தியாவில் வார்க்கப்பட்டன. பெட்டியிலேயே மேட் இன் இந்தியா என்று இருக்கும்.

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

டாமியா என்றால் டாங்கிக் கிட் கட்டுபவர்களுக்குத் தெய்வ வாக்கு. பாகங்கள் தானாகச் சேரும், குறிப்பேடு குழப்பாது. இன்றும் அது இட்டலேரி டைகளில் வார்த்த சில கிட்டுகளை வாங்கித் தன் பெட்டியில் போட்டு, புதுச் சிப்பாய்களும் டெக்காலும் சேர்த்து விற்கிறது என்பது தெரிந்ததுதான். எனக்குப் புதிதாகத் தெரிந்தது அதன் ஆரம்பம்.

ஷிசுவோகாவில் 1946-இல் யோஷியோ டாமியா தொடங்கியது மர அறுவை மில். கூடவே மர மாடலும் செய்துவந்தார்கள்; தீ விபத்தில் மரம் எரிந்துபோனது, பிறகு மாடலிலேயே முழுக்க இறங்கினார்கள். ஊரெல்லாம் பிளாஸ்டிக் கிட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் இவர்களும் துணிந்து முதல் பிளாஸ்டிக் டை வெட்டினார்கள்: யமாட்டோ போர்க்கப்பல். அதே கப்பலைப் போட்டிக் கம்பெனி மலிவு விலையில் இறக்கிவிட்டது. டாமியாவும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. டைக்குப் போட்ட காசு திரும்பவில்லை. இன்னொரு டை வெட்டக் கையில் பணம் இல்லை.

அப்போது அவர்களைத் தூக்கிவிட்டது எது தெரியுமா? பிளாஸ்டிக் பொம்மைக்காக வெட்டப்பட்டு, வேலை முடிந்து கிடந்த ஒரு பழைய டை. சின்ன ரேஸ் கார். அதை வாங்கி வார்த்து, பேபி ரேசர் என்று பெயர் வைத்துச் சின்னப் பெட்டியில் போட்டு விற்றார்கள். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பணம் கொடுத்த தெம்பில்தான் மகன் ஷுன்சாகு டாமியா பாந்தர் டாங்கிக் கிட்டை வடிவமைத்தார். பாந்தரைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு: அதன் உடம்பு நேர்கோடுகளால் ஆனது, டை வெட்டுவது எளிது. ஷிகெரு கொமாட்சுசாகி என்ற பெரிய ஓவியரிடம் பெட்டிப் படம் வரைய வைத்தார்கள். 1961-இல் வந்த அந்தப் பாந்தர் நன்றாக ஓடியது, நன்றாக விற்றது. 1/35 என்ற அளவு உலகம் முழுக்க நிலைத்தது அதிலிருந்துதான்.

அடுத்தவர் கழித்துப்போட்ட டை ஒன்று கிடைக்காமல் போயிருந்தால் அந்த மில் திரும்ப மர வேலைக்கே போயிருக்கலாம். இந்தத் தொடருக்கு நான் வைத்த பெயரும் இருந்திருக்காது. ரீபாக்ஸ் என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்களிடம் இந்த வாரம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல டை ஒன்று பெட்டி மாறி இன்னும் இருபது வருஷம் ஓடுவது நல்லது. பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

ஆனால் பெட்டியில் அதை எழுத வேண்டும். டை யாருடையது, எந்த வருஷம் வெட்டியது என்ற இரண்டே வரி. முப்பது நாற்பது வருஷப் பழைய டையில் வார்த்ததைப் பளபளப்பான புதுப் படத்துக்குள் மறைத்து விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். கிட் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கும் மாணவருக்கு அது தெரிந்தாக வேண்டும். தெரிந்து வாங்கினால் பிசிறைத் தேய்த்துச் சரிசெய்யத் தயாராக இருப்பார். வாங்கும் முன் கடைக்காரரைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய பெயரோ வருஷமோ அழிந்த பட்டையோ இருக்கலாம்.

விஜயந்தா அடுத்த வாரம். அதுவும் ஒரு வகையில் இதே கதைதான்: விக்கர்ஸ் கம்பெனி வரைந்த டாங்கி, 1961-இல் ஒப்பந்தம், 1965 முதல் நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டியது, 105 மில்லிமீட்டர் பீரங்கி. மும்பை வாசகர்கள் அதற்குள் அஹில்யாநகர் (பழைய அஹமத்நகர்) டாங்கி மியூசியத்துக்கு ஒரு நடை போய்வந்தால் நிஜ விஜயந்தாவைச் சுற்றி நடந்து பார்த்துவிடலாம். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், டாங்கியின் பின்பக்க எஞ்சின் மூடியைப் பற்றி நினைவில் இருப்பதை இதழ் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். மாடல் கட்டுகிறவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.