டாங்கிக்கு ஒரு ஸ்வெட்டர்

2006 ஏப்ரலில் கோபன்ஹேகன் நகரின் நிக்கோலாய் தற்காலக் கலை மையத்தின் முன்னால் ஒரு போர் டாங்கி வந்து நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம்.24 சாஃபி ரகம். பீரங்கிக் குழாயையும் விட்டுவைக்காமல் அதன் உடம்பை இளஞ்சிவப்பு நூல் போர்வை மூடியிருந்தது. மரியானே யோர்கென்சன் என்ற டேனிஷ் கலைஞர் விடுத்த அழைப்பை ஏற்று டென்மார்க், பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் 15 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளைப் பின்னி அனுப்பியிருந்தார்கள். 4,000 துண்டுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. இராக் போரில் டென்மார்க் பங்கெடுத்ததற்கு எதிர்ப்பாக அவற்றை இணைத்து டாங்கிக்குப் போர்த்தினார்கள். பாட்டிமார் மடியில் வைத்துப் பின்னுகிற சமாசாரம் கலைக்கூட வாசலுக்கு எந்தத் தகுதியில் வந்தது என்று ஒருவர் கேட்டால், பின்னலின் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பொறுமை, எவ்வளவு நுணுக்கம் பாருங்கள் என்பார்கள். அந்தப் பதில் போதாது. உழைப்பும் பொறுமையும் ஒன்றைக் கலையாக்கிவிடுமென்றால் பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை எழுதிய பேரேட்டையும் சட்டம் போட்டு மாட்ட வேண்டியிருக்கும். இன்றைய பின்னல் கலையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. பின்னல் என்றதும் நம் மனத்தில் தானாக எழும் வீடு, பரிவு, பெண், ஓய்வு நேரம், மலிவு ஆகிய எண்ணங்களைத்தான் அது தன் முதல் மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. கம்பளி நூல் அதற்கு அடுத்தபடிதான்.

இந்த எண்ணங்கள் பின்னலோடு கூடப் பிறந்தவை அல்ல என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நெசவில் பாவும் ஊடையுமாக இரண்டு வரிசை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. பின்னலில் ஒரே நூல் வளையமாக மடிந்து, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுத்து, அப்படியே வரிசை வரிசையாகத் துணியாகிறது. வேட்டி நீளாது, பனியன் நீளும் என்பதற்கு இதுவே காரணம். திருப்பூரில் வட்ட எந்திரங்கள் இரவும் பகலும் செய்துகொண்டிருப்பதும் இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு ஒருவர் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலைதான். இடைக்கால எகிப்தில் நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் அழகான காலுறைகள் பின்னினார்கள். ஐரோப்பிய நகரங்களில் பின்னல், ஆண்கள் கட்டுப்படுத்திய தொழிற்குழுக்களின் பிழைப்பாக இருந்தது. பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே ஒருவர் அதில் தேர்ந்தவர் என்று பெயர் வாங்க முடியும். 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தை உருவாக்கினார். கைப்பின்னல்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. ராணி மறுத்தாரோ இல்லையோ, எந்திரம் பரவியது. தொழில் என்ற அந்தஸ்து எந்திரத்தோடு பட்டறைக்குப் போய்விட, கைப்பின்னல் மெல்ல மெல்ல வீட்டுக்குள் ஒதுங்கியது. வீட்டுக்குள் போனதும் அது கூலியில்லாத வேலையானது. கூலியில்லாததால் பொழுதுபோக்கு என்றும், பெண்ணின் இயல்பான அன்பு என்றும் பெயர் பெற்றது. இரண்டு உலகப் போர்களின்போதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் பெண்களைப் படைவீரர்களுக்குக் காலுறையும் மஃப்ளரும் பின்னித் தரும்படி கேட்டுக்கொண்டன. போர்முனைக்குப் போன அந்தப் பரிவைத்தான் கோபன்ஹேகன் டாங்கி தலைகீழாகத் திருப்பிப் போட்டது. சிப்பாய்க்குக் கதகதப்பு தர வேண்டிய நூல் ஆயுதத்தின் மேல் ஏறி அதைக் குழந்தைச் சாமான்போல் ஆக்கிவிட்டது. மேலே வெறும் பெயின்ட் அடித்திருந்தால் இந்தக் கேலி கிடைத்திருக்காது.

உழைப்புக்கும் கலைக்கும் நேரான கணக்கு கிடையாது என்பதற்கு மிக வலுவான சாட்சி ரோஸ்மரி ட்ராக்கல். 1952-இல் பிறந்த இந்த ஜெர்மன் கலைஞர் 1980-களின் நடுவில் பின்னல் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவை சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட கம்பளித் துணிகள். நடுவிலோ, திரும்பத் திரும்ப வரும் பதிவாகவோ, பிளேபாய் முயல், சுத்தியல் அரிவாள், தூய கம்பளிக்கான வுல்மார்க் முத்திரை போன்ற சின்னங்கள். இவற்றில் ஒரு வரிசையைக்கூட அவர் கையால் பின்னவில்லை. வடிவத்தைக் கொடுத்துவிட்டார், கணினி இயக்கும் பின்னல் எந்திரம் மற்றதைச் செய்தது. பெண்கள் கைவேலை என்றால் இளக்காரம் என்ற நிலை இருக்கிறதே, அந்த இளக்காரம் நூலில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா, அல்லது பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கிற பரிசோதனையாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கையை எடுத்துவிட்டார். நூலை மட்டும் வைத்தார். அப்போது ஜெர்மன் கலைச் சந்தையில் பெரிய திரைச்சீலையில் வண்ணத்தை வாரி இறைக்கும் ஆண் ஓவியர்களின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அதே அளவில், அதே சுவரில், அதே தோரணையோடு கம்பளி தொங்கியபோது பார்வையாளருக்கு வந்த சங்கடம்தான் அந்தப் படைப்பின் உள்ளடக்கம். பிளேபாய் முயலைப் பெண்களின் பொருளான கம்பளியில் வரிசையாகப் பதிப்பதில் இருக்கும் விஷமத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1999-இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஜெர்மன் அரங்கு முழுவதும் அவருக்குத் தரப்பட்டது. ஒரு பெண் கலைஞருக்கு அது தனியாகக் கிடைத்தது அதுவே முதல் முறை.

எதிர்த் தரப்பில் நிற்பவர்கள் சாமானியர்கள் அல்லர். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1969-இல் நூல் கலைப் படைப்புகளுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. பெரும்பாலும் நெசவு, ஆனால் கேள்வி பின்னலுக்கும் பொருந்தும். அதற்கு மதிப்புரை எழுதியவர் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா. ஓவியமும் சிற்பமும் பார்ப்பவரிடம் நிறையக் கேட்கின்றன, இவையோ அலங்காரம் என்ற எல்லையைத் தாண்ட மாட்டேன் என்கின்றன என்பது அவர் வைத்த குறை. பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் குடும்பத்தில் பிறந்தவர் சொன்னதால் இதைத் தள்ளிவிட முடியாது. பாதி சரி என்றே சொல்வேன். நூலின் நயத்தையும் நிறத்தையும் ரசிக்கச் சொல்லி நின்றுவிடும் படைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நல்ல அலங்காரம்தான். ஆனால் அந்தக் குறை படைப்பைப் பற்றியதே தவிர நூலைப் பற்றியதல்ல. பூர்ஷ்வாவே தம் முதிய வயதில் பழைய உடைகளையும் துணிகளையும் வெட்டித் தைத்து, பார்ப்பவரைக் கலங்கடிக்கும் உருவங்களைச் செய்தார். பின்னலில் இதற்கு நிகராகப் பிரிட்டிஷ் கலைஞர் ஃப்ரெடி ராபின்ஸ் 2002-இல் செய்த வேலையைச் சொல்லலாம். தேநீர் ஆறாமலிருக்கக் கெண்டிக்குப் போடும் பின்னல் உறை ஆங்கிலேய வீட்டின் அடையாளம்; அது குட்டி வீட்டின் வடிவில் இருப்பதும் உண்டு. ராபின்ஸின் படைப்பில் வரும் குட்டி வீடுகள் எல்லாம் கொலைக் குற்றத்தோடு தொடர்புடைய பெண்களின் நிஜ வீடுகள். வீடு என்றால் பத்திரம், பின்னல் என்றால் பாசம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவருக்கு அந்த உறை ஒன்றும் சுலபமான பொருளாக இருக்காது. அலங்காரம் இப்படிப்பட்ட வேலையைச் செய்வதில்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. பின்னலைப் பற்றிய தாழ்வான அபிப்பிராயம்தான் இந்தக் கலைக்கு மூலதனம் என்றால், அந்த அபிப்பிராயம் மாறிய பிறகு மூலதனம் தீர்ந்துபோகாதா? தீர்ந்துபோகிறது, கண்முன்னாலேயே நடந்திருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மக்டா சயெக் தம் கடையின் கதவுக் கைப்பிடிக்கு ஒரு பின்னல் உறை மாட்டினார். தெருக் கம்பங்கள், மரங்கள், பேருந்துகள் என்று அது வளர்ந்து உலக நகரங்களெங்கும் பரவியது. இரும்பும் சிமென்டும் மட்டுமே தெரிந்த தெருவில் முதலில் முளைத்த நூல் உறைக்கு ஒரு துணிச்சல் இருந்தது. அனுமதி கேட்காமல் வந்த வீட்டுத்தன்மை அது. ஆயிரமாவது மரத்துக்கும் நகராட்சியே அனுமதி கொடுத்து, விளம்பரக் கம்பெனிகளும் அதையே கேட்டு வாங்க ஆரம்பித்த பிறகு அது தோரணம். மழையில் ஊறி, புழுதி படிந்து, நிறம் வெளிறித் தொங்கும் அக்ரிலிக் நூலை மரத்துக்குச் செய்த மரியாதை என்று சொல்வதும் சிரமம். வெறும் ஆச்சரியத்தை நம்பிய பின்னல் கலை குறுகிய ஆயுள்காரன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் மனத்திலுள்ள எண்ணங்களைத் தவிர, பின்னலுக்குள்ளேயே ஓர் அறிவு இருக்கிறது. அது அவ்வளவு சீக்கிரம் தீராது. சாதாரணத் தாளில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும். எண்ணற்ற இணைகோடுகள் வரையக்கூடிய ஒரு பரப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணித அறிஞர்கள் லோபசெவ்ஸ்கியும் போயாயும் கணக்கில் கண்டுபிடித்தார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்ப்பதுதான் பாடாக இருந்தது. காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த லாட்வியப் பெண் டைனா டைமினா 1997-இல் ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷா முறையைக் கையில் எடுத்தார். இத்தனை கண்ணிக்கு, அதாவது இத்தனை வளையத்துக்கு, ஒரு கண்ணி கூட்டு என்ற ஒரே விதியை ஒவ்வொரு வரிசையிலும் தவறாமல் கடைப்பிடித்தார். வரிசைக்கு வரிசை விளிம்பு பெருகி, இடம் போதாமல் மடிந்து, சுருண்டு, கீரை இலையின் ஓரம்போல் நெளிந்தது. கணக்கில் சொன்ன பரப்பு அதுவே. இரண்டு ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்க வேண்டும், பெருகும் கண்ணிகளை ஊசி தாங்காது. குரோஷாவில் உயிரோடிருப்பது ஒரே கண்ணி என்பதால் அது சாத்தியமாயிற்று.

ஆஸ்திரேலியாவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் மார்கரெட் வெர்தைமும் கிறிஸ்டின் வெர்தைமும் 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த விதியைப் பவளப்பாறைக்குக் கொண்டுபோனார்கள். பவளமும் கடல்வாழ் மெல்லுடலிகள் சிலவும் அதே நெளிந்த பரப்பில்தான் வளர்கின்றன. விதியைக் கொஞ்சம் மீறி, கண்ணி கூட்டும் கணக்கை இடையிடையே மாற்றியபோது உயிர் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் வேறு பவளமாயிற்று. கடல் சூடேறி வெளுத்துப்போகும் பாறைகளுக்கு வெள்ளை நூலிலும், கடலில் சேரும் குப்பைக்குப் பிளாஸ்டிக்கிலும் பின்னினார்கள். உலகின் பல நகரங்களில் உள்ளூர் ஆட்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பாறை பின்னினார்கள். 2019 வெனிஸ் பினாலேயில் இந்தப் பவளப்பாறை இடம்பெற்றது. மெதுவாக, சிறு சிறு உயிர்கள் கூடி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டும் பாறையை அதே முறையில் மனிதர்கள் கட்டுகிறார்கள் என்பதால், செய்த விதமும் சொன்ன விஷயமும் இங்கே ஒன்றாகிவிட்டன. கோபன்ஹேகன் டாங்கியைவிட இது நெடுநாள் நிற்கும் படைப்பு என்பது என் கணிப்பு.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. பின்னுகிறவர்கள் ஆயிரக்கணக்கில், புகழ்பெறும் பெயர் ஒன்றோ இரண்டோ. கூலியில்லாத பெண் உழைப்பைக் கேள்வி கேட்கும் கலையே கூலியில்லாத பெண் உழைப்பில் நடக்கலாமா? பங்கெடுத்தவர்களின் பெயர்களைக் காட்சியிலேயே எழுதிவைக்கும் வெர்தைம் சகோதரிகளின் வழக்கம் கொஞ்சம் ஆறுதல். டாங்கிப் போர்வையிலும் ஒவ்வொருவரின் இழுவையும் நிறமும் வேறுவேறாக, ஒட்டுப்போட்டதுபோல் அப்படியே தெரிந்தன. ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எதிர்ப்புக் கடிதத்தில் பின்னியவர் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டதற்குச் சமம் அது. ஆனாலும் கேள்வி முழுக்கத் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாகப் பாசாங்கு செய்வதைவிட அப்படியே வைப்பது நல்லது.

ஷெட்லாந்து தீவுகளில் மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும் அளவுக்கு மெல்லிய சால்வை பின்னிய பெண்கள் இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்வார்கள்? கைத்திறனில் மேலே சொன்ன கலைஞர்களில் பலர் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தச் சால்வைக்குக் கலைக்கூடத்தின் சான்றிதழ் தேவையுமில்லை. அதன் நோக்கம் மிகச் சிறந்த சால்வையாக இருப்பது. அதில் அது வென்றுவிட்டது. பின்னல் என்பது என்ன என்று அது கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இது ஏற்றத்தாழ்வும் அல்ல, கலைக்கூடப் பட்டமும் அல்ல. கலைஞர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாதவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட முடியும். ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்த ஒரு பெண், 2018 முழுவதும் நாளுக்கு இரண்டு வரிசையாக ஒரு மஃப்ளர் பின்னினார். ரயில் ஐந்து நிமிடத்துக்குள் தாமதமானால் சாம்பல் நிறம். அரை மணிவரை என்றால் இளஞ்சிவப்பு. அதற்கு மேலோ, போகவர இரு வேளையுமோ தாமதமென்றால் சிவப்பு. கோடையில் ரயிலுக்குப் பதில் பேருந்து விட்ட வாரங்கள் சிவப்பாகவே கிடந்தன. 2019 தொடக்கத்தில் இணைய ஏலத்தில் அது 7,550 யூரோவுக்குப் போனது. பணம் ரயில் நிலையங்களில் உதவி செய்யும் ஓர் அறநிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே தகவலை வரைபடமாகப் போட்டிருந்தால் ரயில்வே அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு மூடியிருப்பார். வீட்டுக்கு வந்தபின் தினமும் இரண்டு வரிசையாகச் செலவான இன்னொரு பொழுதையும் மஃப்ளர் கணக்கில் சேர்த்துவிடுகிறது. ரயில்வேயின் கால அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது.