தமிழுக்கு விளம்பரம் வந்த ஆண்டு

கைப்பேசியில் ஒரு தொழில் – 9

ஹைதராபாத்தின் பேகம்பேட் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அமீர்பேட். மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்தைவிடப் பயிற்சி நிலையங்களின் பலகைகள்தான் அதிகம் தெரியும். ஜாவா, எஸ்ஏபி, டெஸ்டிங் என்று இருந்த அந்தப் பலகைகளில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ சேர்ந்து பல வருஷம் ஆகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து பேகம்பேட் பக்கம் ஹாஸ்டலில் தங்கி இந்த கோர்ஸ் படிக்கிற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தால் கொஞ்ச நேரம் சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் இதைத்தான் கேட்பார்கள்: “அக்கா, எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். இந்த ஃபீல்டுல நிக்க முடியுமா?”

இந்த வாரம் முழுக்க இந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சி வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். மாதக் கடைசியில் கிளையண்டுக்கு அனுப்புகிற ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் போகும். விளம்பரம் போடுகிற திரையை ஆங்கிலத்தில் வைத்துத்தான் எல்லாரும் வேலை செய்கிறார்கள். வேலை தேடுவதோ லிங்க்ட்இன்னில். இந்தக் கருவிகள் விஷயத்தில் பேகம்பேட்டுக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே இருக்கும் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல், 1923-இல் ஜாகீர்தார் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. பின்னாளில் எல்லாருக்குமான பள்ளியாக மாறிய அந்த வளாகத்தில் படித்தவர்கள்தான் சத்யா நாதெள்ளாவும் சாந்தனு நாராயணும். நாதெள்ளாவின் தலைமையில் மைக்ரோசாஃப்ட் 2016-இல் 2,620 கோடி டாலர் கொடுத்து லிங்க்ட்இன்னை வாங்கியது. போஸ்டர் செய்கிற ஃபோட்டோஷாப்பும் வீடியோ வெட்டுகிற பிரீமியரும் அடோபியுடையவை. நாராயண் அதற்குத் தலைமையேற்றது 2007-இல். இரண்டே வருஷத்தில், இணையதளத்துக்கு யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று கணக்கெடுக்கும் ஆம்னிச்சர் நிறுவனத்தை 180 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஆக, இந்தத் தொழிலின் கருவிகளில் பாதி, இந்தத் தெருவில் படித்தவர்கள் நடத்திய நிறுவனங்களின் சரக்கு. அவற்றைக் கையாளும் அளவுக்கு ஆங்கிலத்தை யாரும் ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றே பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

ஆனால் கருவியைக் கையாளத் தெரிவது மட்டும் தொழில் இல்லை. வாசிக்கிறவர் யார், அவர் எந்த மொழியில் யோசிக்கிறார் என்பதில்தான் தொழில் இருக்கிறது. அந்த மொழிக்குக் காசு கிடைக்க எத்தனை காலம் ஆனது என்பதைப் பலகை மாட்டியிருக்கிற எந்த நிலையமும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிற விஷயம் அது.

கூகுளின் ஆட்சென்ஸ் 2003-இல் வந்தது. நம் பக்கத்தில் ஒரு சிறு நிரலை ஒட்டிவிட்டால் போதும். பக்கத்தில் இருக்கும் சொற்களைப் படித்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை அதுவே கொண்டுவந்து வைக்கும். யாராவது விளம்பரத்தைத் தொட்டால் அன்று நம் கணக்கில் சில காசு சேர்ந்தது. விளம்பரதாரரைத் தேடி அலைய வேண்டாம், முதலாளி வேண்டாம். எழுத்தை நம்பிப் பிழைக்கலாம் என்ற எண்ணமே சாதாரண ஆட்களுக்கு அப்போதுதான் வந்தது. அடுத்த வருஷமே அமித் அகர்வால் வேலையை விட்டுவிட்டு, ஆக்ராவில் உட்கார்ந்து ‘லேப்னால்’ என்ற தொழில்நுட்பப் பதிவை முழுநேரமாக எழுதத் தொடங்கினார். இந்தியாவின் முதல் தொழில்முறைப் பதிவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் எழுதியது ஆங்கிலத்தில்.

தமிழிலும் அதே 2003-இல் வலைப்பதிவுகள் முளைத்தன. 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். யார் புதிதாக எழுதினாலும் அங்கே வரிசையில் வந்து நிற்கும். சமையல், சட்டம், விவசாயம், சினிமா, ஈழம், கணினிப் பாடம் என்று எழுதிக் குவித்தார்கள். பகலில் வேலை, ராத்திரி பதிவு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எழுதினார்கள். எழுத்தின் தரத்தில் அந்தக் கூட்டம் எந்த ஆங்கிலப் பதிவருக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. விண்ணப்பித்தால் ‘ஆதரிக்கப்படாத மொழி’ என்று பதில் வரும். சிலர் ஆங்கிலத்தில் நாலு பதிவு போட்டு அனுமதி வாங்கிவிட்டு, அப்புறம் தமிழ்ப் பக்கத்தில் அந்த நிரலை ஒட்டினார்கள். பிடிபட்டால் கணக்கு மூடப்படும், சேர்ந்திருந்த பணமும் வராது.

இந்திக்கு 2014 டிசம்பரில் கதவு திறந்தது. வங்காளத்துக்கு 2017-இல். தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான். தெலுங்குக்கு அதே வருஷம் சில மாதங்கள் கழித்து. கணக்குப் பாருங்கள், பதினைந்து வருஷம். அந்தப் பதினைந்து வருஷத்தில் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஓய்ந்துபோனார்கள். பிள்ளை படிப்பு, வேலை மாற்றம், வீட்டுக் கடன் என்று வரும்போது காசு தராத எழுத்துதான் முதலில் நிற்கும். ஃபேஸ்புக் வந்ததும் மிச்சம் பேர் அங்கே இடம்பெயர்ந்தார்கள். வேறு வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. பதிவுகளில் சினிமா விமர்சனமும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் எழுதிப் பெயர் வாங்கிய கேபிள் சங்கர், 2015-இல் ‘தொட்டால் தொடரும்’ படத்தை இயக்கினார். பதிவு அவருக்கு வாசலாக இருந்தது. ஆனால் பதிவையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்திய ஒரு தலைமுறை தமிழில் உருவாகியிருக்க வேண்டும். உருவாகவில்லை. அதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழுக்குக் கதவு திறந்தபோது ஆட்டமே மாறியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா விலை சரிந்து, படிக்கிறவர்கள் பார்க்கிறவர்களாக மாறியிருந்தார்கள். இங்கேதான் தெலங்கானாவைப் பார்க்கச் சொல்கிறேன். ஜகித்தியால் மாவட்டத்தில் லம்பாடிபள்ளி என்றொரு கிராமம். ஸ்ரீராம் ஸ்ரீகாந்த் 2012-இல் அங்கே ‘மை வில்லேஜ் ஷோ’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார். அதில் கங்கவ்வா என்ற பாட்டி நடிக்க வந்தார். கூலி வேலை பார்த்தவர், பீடி சுற்றியவர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். வசனத்தைச் சொல்லச் சொல்லக் காதால் வாங்கித் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். தெலங்கானாப் பேச்சைத் தெலுங்கு சினிமா வெகுகாலம் சிரிப்பு நடிகருக்கும் வில்லனுக்கும்தான் ஒதுக்கி வைத்திருந்தது. அந்தப் பேச்சையே கங்கவ்வா நாயகியின் பேச்சாக்கினார். 2019-இல் சினிமாவில் நடித்தார், 2020-இல் தெலுங்கு பிக்பாஸ் வீட்டுக்குள் போனார். கிராமத்தின் பேச்சு, வயல், சண்டை, கல்யாணம் இவைதான் அந்த சேனலின் மூலதனம்.

நம் பக்கத்து உதாரணம் எல்லாரும் அறிந்தது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழ் சேனல்களில் அதுதான் முதல். கையோடு முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். யூடியூப் நீள வீடியோவில் விளம்பர வருமானத்தின் 55 சதவீதத்தைச் சேனலுக்குக் கொடுக்கிறது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பரத்தின் விலை மாறும். டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழர் பார்த்தால், உள்ளூரில் ஒருவர் பார்ப்பதைவிடப் பொதுவாக அதிகம் கிடைக்கும். நம் மொழிக்கு உலகமெங்கும் ஆள் இருக்கிறது என்பதற்கு இப்படி ஒரு பண மதிப்பும் உண்டு.

சேனல் நடத்தும் எண்ணம் இல்லாமல் கடைகளுக்கு வேலை செய்து சம்பாதிக்க நினைக்கிறவர்களுக்கும் மொழிதான் சோறு போடும். பேகம்பேட்டில் ஒரு அக்கா, திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் சமைத்து, பக்கத்து ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிறார். யாரோ ஒருவரிடம் பணம் கொடுத்து கூகுள் விளம்பரம் போட்டிருந்தார். பணம் கரைகிறது, டப்பா கூடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, விசாகப்பட்டினத்துல இருந்து ஒருத்தர் போன் பண்றாரு. பேகம்பேட்ல சாப்பாடு எங்க நல்லாருக்கும்னு கேக்கறாரு. அவருக்கு நான் எப்படிம்மா டப்பா அனுப்புறது?”

கணக்கைத் திறந்து பார்த்தேன். இடம் என்ற பகுதியில் பேகம்பேட் சரியாகத்தான் போட்டிருந்தது. ஆனால் அதற்குக் கீழே, மடித்து வைத்த ஒரு பெட்டிக்குள், ‘இந்த இடத்தில் இருப்பவர்கள், அல்லது இந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்’ என்பது தேர்வாகியிருந்தது. கூகுள் தானாக வைத்துத் தருவது அதுதான். ஊருக்கு வரப்போகிறவர், ஊரைப் பற்றித் தேடுகிறவர் எல்லாரும் அதில் அடங்கிவிடுவார்கள். ஓட்டலுக்கு அது சரி, மதியம் ஒரு மணிக்குள் டப்பா போய்ச் சேர வேண்டிய சமையல்காரருக்கு நஷ்டம். ‘இந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும்’ என்று மாற்றி, சுற்றளவைச் சில கிலோமீட்டராகக் குறுக்கி, காலை நேரத்தில் மட்டும் ஓடும்படி வைத்தேன்.

அப்புறம் மொழி. ஏற்கெனவே இருந்த ஆங்கிலப் போஸ்டர் பார்க்க அழகு, லைக்கும் வந்தது. நாங்கள் தெலுங்கில் அன்றைய சமையலையும் விலையையும் மட்டும் எழுதி வாட்ஸ்அப் எண்ணோடு போட்டோம். ஆர்டர் வரத் தொடங்கியது. இன்ஸ்டாகிராமில் அக்காவையே பேசவைத்தேன், அவருடைய நெல்லைத் தமிழில், வத்தக்குழம்பு கொதிக்கும்போது. செகந்திராபாத்தில் தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் வரை அது போய்ச் சேர்ந்தது. “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டே பலர் எழுதினார்கள். எழுத்து வேலையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நம் ஆட்கள் தமிழில் யோசித்து ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள். தெலுங்குக்காரர்களும் அப்படித்தான். ஆகவே தலைப்பும் விவரமும் எழுதும்போது இரண்டு எழுத்திலும் சொற்களை வைக்க வேண்டும். அமீர்பேட்டில் சொல்லித்தருகிற கீவேர்ட் பட்டியலை அப்படியே நம்பினால் இந்தத் தேடல்கள் கையைவிட்டுப் போகும்.

மொழி வசதி மட்டும் தருவதில்லை, பொறுப்பையும் தருகிறது. ஒரு பொருளைப் பற்றிக் காசு வாங்கிக்கொண்டோ, பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டோ பேசினால் அதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-இல் இதற்கு விதி வகுத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் போட அதிகாரம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி, எந்த மொழியில் பரிந்துரைக்கிறோமோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் பத்து நிமிஷம் ஒரு முகப்பூச்சைப் புகழ்ந்துவிட்டு, கீழே யாருக்கும் புரியாத ஆங்கிலச் சுருக்கெழுத்தை ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைப்பது வாசகரை ஏமாற்றுவது. ‘விளம்பரம்’ என்று தமிழில், முதல் வரியில், கண்ணில் படும்படி எழுதுங்கள். எழுதினால் கம்பெனி கோபித்துக்கொள்ளும் என்று ஒரு பையன் தயங்கினான். கோபித்துக்கொள்கிற கம்பெனியின் பணத்தை வாங்கவே வேண்டாம் என்று சொன்னேன்.

வரியையும் மறக்காதீர்கள். 2022 ஜூலை 1 முதல், ஒரு நிறுவனம் வருஷத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கொடுத்து அதை நீங்களே வைத்துக்கொண்டால், அதன் மேல் பத்து சதவீத வரிப் பிடித்தம் உண்டு. பேசி முடித்ததும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது கிடையாது. கைப்பேசி, கேமரா விமர்சனம் செய்கிறவர்கள் முதல் நாளே இதை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கிலீஷ் சுமார் என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் கொடுக்கிற வேலை ஒன்று உண்டு. கோர்ஸ் முடிவதற்குள் உங்கள் தெருவில் ஒரு கடையைப் பிடியுங்கள், தையல் கடையோ ஜெராக்ஸ் கடையோ எதுவானாலும் சரி. அந்தக் கடைக்கு வருகிறவர் என்ன சொற்களில் கேட்கிறார் என்று ஒரு வாரம் கூட நின்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொற்களிலேயே கடையின் கூகுள் பக்கத்தை எழுதிக்கொடுங்கள். நேர்முகத்தில் சான்றிதழுக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். உடைந்த ஆங்கிலத்தில் அதை விளக்கி வேலை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இத்தனையும் ஒரு செயலியை நம்பிச் செய்து, அந்தச் செயலியே ஒரே ராத்திரியில் போய்விட்டால்? 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தபோது அதுதான் நடந்தது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.