வயிற்றோட்டமும் பட்டினியும்

மாரிகாலத்து மாலையொன்றில் நம்மிடம் பயிலும் மாணவனொருவன் வாடிய முகத்துடன் வந்து நின்றான். "ஐயா, தங்கச்சிக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று அப்பாச்சி மறித்துவிட்டா" என்றான். உடன் சென்று பார்த்தோம். பத்து மாதக் குழந்தை, கண்கள் குழிவிழுந்திருந்தன, அழுதது, கண்ணீர் வரவில்லை. அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். இழந்த நீரை ஈடுசெய்த வைத்தியர், சில மணி நேரத்துள் தாய்ப்பாலையும் மறுநாட் காலை குழைந்த சோற்றையும் ஊட்டச் செய்தார். "அப்போ, நான்தான் பிழை செய்தேனோ தம்பி?" என்று அப்பாச்சி நம்மைக் கேட்டார்.

அது அன்பினாற் செய்த பிழை. இன்றும் பல வீடுகளில் அது நிகழ்கின்றது. 'வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்' என்பர். உண்டவுடன் மலங் கழிவதைக் காணும் தாய், உணவே நோயை வளர்க்கின்றதென எண்ணுதல் இயல்பே. உண்மையோ வேறு.

வயிற்றோட்டத்தின்போதும் சிறுகுடல் உணவின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றது. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவன. நோயால் அழிந்தவற்றின் இடத்திற் புதியன தோன்றுவதற்கு உணவு வேண்டும். பட்டினி கிடந்தால் குடல் ஆறத் தாமதிக்கும், குழந்தை மெலியும், மெலிந்த குழந்தையை அடுத்த நோய் எளிதிற் பற்றும்.

முதலில் நீரிழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளத்துப் பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. அங்கே டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தே, நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணத்தை 4க்குங் குறைவாக்கினார். குளுக்கோசு உப்பைத் தன்னுடன் குடற்சுவரினுள் அழைத்துச் செல்ல, நீரும் பின்தொடர்கின்றது. நோயுற்ற குடலும் ஏற்கும் ஆற்றலை முற்றும் இழப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டில் 'ஜீவனி' என வழங்குவதும் இவ்வகைக் கரைசலே. பைக்கற்றிற் குறித்த அளவான கொதித்தாறிய நீரிற் கரைத்து, கழியுந்தோறும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் ஊட்டல் வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்கலாம்.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. முன்னிலும் அடிக்கடி கொடுத்தல் நன்று. ஆறு மாதங் கடந்த குழந்தைக்குப் பருப்புடன் குழைய வெந்த சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஊட்டலாம். மசித்த வாழைப்பழம், தயிர், முள்நீக்கிய மீன் யாவும் ஏற்றன. மூன்று நான்கு மணிக்கொருமுறை சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். வெறுங் கஞ்சித்தண்ணீர் வயிற்றை நிரப்புமேயன்றிப் போதிய சத்துத் தராது. சோடாவும் சீனி மிகுந்த பானங்களும் ஓட்டத்தைக் கூட்டும். வைத்தியர் துத்தநாக மருந்து தந்தால், ஓட்டம் நின்றபின்னும் அவர் குறித்த நாள்வரை கொடுத்து முடிக்கவேண்டும். நோய் நீங்கியபின் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒருவேளை உணவு மேலதிகமாகக் கொடுத்தால் இழந்த நிறை மீளும்.

மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, குழிவிழுந்த கண், மிகுந்த சோர்வு, குடிக்க மாட்டாமை ஆகியவற்றில் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

அந்தத் தங்கச்சி இப்போது முற்றத்தில் ஓடித் திரிகின்றாள். அண்மையில் அவ்வழியே சென்றபோது, அயல்வீட்டு இளந்தாயொருத்திக்கு அப்பாச்சி கூறியது நம் காதில் விழுந்தது: "வயிற்றாலே போனாலும் பாலை நிறுத்திப்போடாதே, பிள்ளை."